விதியில் எழுதாதது

மணவாளக்குறிச்சியில் வளர்ந்த எனக்குப் பனிக்கட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மீன். கடியப்பட்டணத்திலிருந்தும் முட்டத்திலிருந்தும் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் பெண்களின் பாத்திரத்தில், சாளைக்கும் அயிலைக்கும் நடுவே பொடித்த ஐஸ் கிடக்கும். ஒரு துண்டை எடுக்கக் கை நீட்டினால், "தொடாத பிள்ளே, கை மரத்துப்போவும்" என்பார் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் மீன்காரச் சித்தி. அவர் கை நாள் முழுக்க அதற்குள்தான் இருக்கும். ஐஸ் எங்கள் ஊரில் உழைப்பின் பொருள். அதன்மேல் ஏறி நின்று யாராவது விளையாடுவார்கள் என்பது கல்லூரிக்கு வந்து தொலைக்காட்சியில் பார்த்த பிறகே தெரிந்தது.

அப்படியிருக்க, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் லண்டனில் பனித்தளத்தில் சறுக்கிய ஒரு பெண்ணைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. அவர் செய்த ஒரு காரியமும், அதற்கு ஆண்கள் சொன்ன மூன்று காரணங்களும், நான் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன நிகழ்ச்சியை எனக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகின்றன. அந்த நிகழ்ச்சியில் நான் நடந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவது அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயர் மேட்ஜ் சையர்ஸ். இயற்பெயர் ஃப்ளாரன்ஸ் மேடலின் கேவ். 1881 செப்டம்பர் 16 அன்று லண்டன் கென்சிங்டனில் பிறந்தவர். தந்தை கட்டடம் கட்டுபவர். பதினைந்து பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். லண்டனின் நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் 1896இல் திறக்கப்பட்ட பிரின்சஸ் ஸ்கேட்டிங் கிளப்பில்தான் அவருடைய விளையாட்டு வாழ்க்கை உருவானது. அது செயற்கையாகப் பனிக்கட்டி உறையவைத்த உள்ளரங்கம். வசதியுள்ளவர்கள் வந்துபோகும் இடம். சாதாரண வேலைக்காரப் பெண் அந்தத் தளத்தைத் துடைக்கப் போயிருக்கலாமே தவிர, சறுக்கப் போயிருக்க முடியாது. மேட்ஜின் கதையைச் சொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது. எந்தப் பெண்ணுக்கு முதலில் மைதானம் கிடைக்கிறது என்பதில் பணமும் பிறப்பும் எப்போதும் இருக்கின்றன.

1899இல் எட்கர் சையர்ஸ் என்னும் சறுக்கு வீரரை மேட்ஜ் சந்திக்கிறார். மறு ஆண்டு திருமணம். அன்றைக்கு இங்கிலாந்தில் இருந்த சறுக்கு முறை உடலை விறைப்பாக, நிமிர்த்தி வைத்துக்கொள்வது. கையை வீசுவதும் உடலை வளைப்பதும் அங்கே மரியாதைக் குறைவு. எட்கர், ஐரோப்பாவின் பிற நாடுகளில் வழங்கிய, உடலைத் தளர்வாக இயங்கவிடும் சர்வதேச முறையை ஆதரித்தவர். மேட்ஜ் அந்த முறைக்கு மாறினார். 1900இல் பெர்லினில் நடந்த இணையர் போட்டியில் இருவரும் இரண்டாமிடம் பெற்றார்கள். மனைவியை வீட்டோடு இருக்கச் சொல்லாத ஒரு கணவர் என்று எட்கரைப் பாராட்டலாம். ஆனால் அந்தப் பாராட்டோடு நிறுத்திவிட்டால் மேட்ஜ் காணாமல் போய்விடுவார். அடுத்து நடந்தது மேட்ஜின் காலிலும் அவர் துணிச்சலிலும் இருந்து வந்தது.

அந்தக் கால ஃபிகர் ஸ்கேட்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று நாம் பார்க்கும் தாவல்களும் சுழற்சிகளும் அன்றைக்குப் பாதிதான். மீதிப் பாதி, பனியின் மீது உருவம் வரைவது. ஸ்கேட்டிங் காலணியின் அடியில் இருக்கும் இரும்புத் தகட்டின் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதனால் அதற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் சாய்கிறோமோ அதற்கேற்ற வளைவு பனியில் கீறலாக விழும். ஒட்டி நிற்கும் இரண்டு வட்டங்களால் ஆன எட்டு என்ற உருவம்தான் அடிப்படை. ஒரு வட்டம் ஒரு காலில், மறு வட்டம் அடுத்த காலில். அதையே மறுபடியும் மறுபடியும் வரைய வேண்டும். முதலில் விழுந்த கோட்டின் மேலேயே அடுத்த கோடும் விழ வேண்டும். நடுவர்கள் குனிந்து, பனியில் பதிந்த தடத்தைப் பார்ப்பார்கள். வாசலில் இழைக்கோலம் போட்ட பெண்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோலம் போடுகிறவள் எப்படி நின்றாள், என்ன உடுத்தியிருந்தாள் என்பதல்ல, தரையில் விழுந்த கோடு நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த உருவம் வரையும் பகுதி 1990 வரை உலகப் போட்டிகளில் இருந்தது.

ஆக, பெண்ணோ ஆணோ, தடம் ஒன்றுதான். பாரம் தூக்குவதுபோல உடல் வலிமையைக் கொண்டு பிரிக்க வேண்டிய விளையாட்டு அல்ல அது. இருந்தும் 1896இல் தொடங்கிய உலகச் சாம்பியன் போட்டியில் ஒரு பெண்ணும் கலந்துகொண்டதில்லை. பெண்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தேவையே இல்லை என்று நினைத்தார்கள். பெண் வருவாள் என்ற எண்ணமே எழாத இடத்தில் தடைவிதி எதற்கு?

1902இல் உலகப் போட்டி லண்டனில் நடந்தது. மேட்ஜ் சையர்ஸ் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். பெண் வரக் கூடாது என்று அதில் இல்லை. விண்ணப்பித்தார். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தால் மறுக்க முடியவில்லை. மொத்தம் நான்கு பேர் போட்டியிட்டார்கள். சுவீடனின் உல்ரிக் சால்கோவ் முதலிடம். அவர் அன்றைய தன்னிகரற்ற வீரர். இன்றும் ஒரு தாவலுக்கு அவர் பெயர்தான். இரண்டாமிடம் மேட்ஜ் சையர்ஸ். ஜெர்மனியின் மார்ட்டின் கோர்டனும், பிரிட்டனின் ஹொரேஷியோ டோரோமேயும் அவருக்குப் பின்னால். அப்போது மேட்ஜுக்கு வயது இருபது. சால்கோவ் தன் தங்கப் பதக்கத்தை அவரிடம் நீட்டினார் என்று ஒரு செய்தி பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது உண்மையானால் நல்ல மனம்தான். ஆனால் ஒரு வீரரின் பெருந்தன்மை ஓர் அமைப்பின் நியாயமாகிவிடாது என்பதை அடுத்த ஆண்டு காட்டியது.

1903இல் சங்கம் கூடியது. பெண்கள் உலகப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது. மூன்று காரணங்கள் பேசப்பட்டன.

ஒன்று, பெண்களின் நீண்ட பாவாடை கால்களை மறைப்பதால் நடுவர்களால் பாதத்தைப் பார்க்க முடிவதில்லை. இரண்டு, நடுவர் ஒருவர் தனக்குப் பிரியமான பெண்ணுக்கு மதிப்பெண் போட நேரலாம். மூன்று, பெண்களை ஆண்களோடு ஒப்பிடுவது கடினம்.

இந்த மூன்றையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தரையைத் தொடும் பாவாடையைப் பெண்ணுக்கு அணிவித்தது யார்? கணுக்கால் தெரிந்தால் ஒழுக்கம் போய்விடும் என்று சொன்ன அதே சமூகம்தான். அது அணிவித்த உடையையே பிறகு அது குற்றமாகச் சொல்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் வேடிக்கை. மனம் தடுமாறக்கூடியவர் நடுவர், விலக்கப்படுபவள் ஆட்டக்காரி. மூன்றாவது காரணத்துக்குப் பதில் ஏற்கெனவே பதக்கப் பட்டியலில் இருந்தது. ஒப்பிட முடியாது என்றால் 1902இல் அவரை இரண்டாமிடத்தில் வைத்தது எப்படி? ஒப்பிட முடிந்ததுதான் அவர்களுக்குப் பிரச்சினை.

மேட்ஜ் இதற்குச் செயலால் பதில் சொன்னார். பாவாடையை ஆடுசதையின் நடுவரை குட்டையாக்கினார். இப்போது பாதம் தெரிகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. பிற சறுக்குப் பெண்களும் அந்த நீளத்துக்கு மாறினார்கள். 1903இல் பிரிட்டன் அளவில் தொடங்கப்பட்ட தனிநபர் சாம்பியன் போட்டி ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக இருந்தது. முதல் ஆண்டு வெற்றி பெற்றவர் மேட்ஜ், தோற்றவர் டோரோமே. அடுத்த ஆண்டும் அவரே வென்றார். இம்முறை அவருக்குப் பின்னால் இரண்டாமிடத்தில் இருந்தவர் அவருடைய கணவர் எட்கர்.

ஒப்பிட முடியாது என்று சொல்லி மூன்று ஆண்டுகளுக்குள் சங்கம் வேறொரு வழியைக் கண்டது. பெண்களுக்கென்று தனிப் போட்டி. 1906 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் அது நடந்தது. மேட்ஜ் வென்றார். ஆஸ்திரியாவின் ஜென்னி ஹெர்ஸ் இரண்டாவது. ஹங்கேரியின் லிலி கிரோன்பெர்கர் மூன்றாவது. 1907இல் வியன்னாவில் மறுபடியும் மேட்ஜ். ஆனால் பெயரைக் கவனியுங்கள். ஆண்கள் வென்றால் உலகச் சாம்பியன். பெண் வென்றால் சங்கத்தின் பெண்கள் சாம்பியன். உலகச் சாம்பியன் என்ற பட்டம் இந்தப் பெண்களுக்குப் பல ஆண்டுகள் கழித்து, பின்தேதியிட்டுத்தான் வழங்கப்பட்டது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் மாவட்டத்தின் பழைய அரசாணை ஒன்று நினைவுக்கு வருகிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். சந்தையில் சீலை கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட ஆணை, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், கடற்கரையின் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்த்தப்பட்ட சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் அணியக் கூடாது. உரிமை கொடுத்தாயிற்று, ஆனால் அதே சீலை இல்லை. நீ மூடிக்கொள், ஆனால் எங்களைப் போல் ஆகிவிடாதே.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் இழந்தது வேறு. லண்டன் கிளப்பில் சறுக்கிய ஒரு பெண் இழந்தது வேறு. ஒன்றில் உயிரும் மானமும், மற்றொன்றில் ஒரு பட்டம். ஆனால் அதிகாரம் இறங்கிவரும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். மறுக்க முடியாத நிலை வரும்போது அது கொடுக்கும். கொடுக்கும்போதே ஒரு கோட்டையும் போட்டுக் கொடுக்கும்.

1908 ஒலிம்பிக் லண்டனில் நடந்தது. குளிர்கால ஒலிம்பிக் என்று தனியாக ஒன்று 1924இல் பிரான்சின் ஷாமோனியில்தான் தொடங்கியது; அதற்கு முன் 1908 போட்டிகளிலேயே ஃபிகர் ஸ்கேட்டிங் இடம்பெற்றது. மொத்தம் சுமார் 2,000 பேர் கலந்துகொண்ட அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் நாற்பது பேர்கூட இல்லை. அக்டோபர் இறுதியில், அதே பிரின்சஸ் ஸ்கேட்டிங் கிளப்பில், மேட்ஜ் தான் பழகிய பனியில் இறங்கினார். ஐந்து நடுவர்களும் அவரையே முதலிடத்தில் வைத்தார்கள். ஜெர்மனியின் எல்சா ரென்ட்ஷ்மிட் வெள்ளி, பிரிட்டனின் டோரதி கிரீன்ஹவ்-ஸ்மித் வெண்கலம். இணையர் பிரிவில் எட்கரோடு சேர்ந்து வெண்கலமும் மேட்ஜுக்குக் கிடைத்தது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்.

அதன்பின் உடல்நலம் குன்றியது. போட்டிகளிலிருந்து விலகினார். கணவரோடு சேர்ந்து குளிர்கால விளையாட்டுகள் பற்றியும் ஸ்கேட்டிங் கலை பற்றியும் நூல்கள் வெளியிட்டார். 1917 செப்டம்பர் 9 அன்று இதய நோயால் இறந்தார். முப்பத்தாறு வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. பிரிட்டனில் முப்பது வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தது 1918இல். உலகின் மிகச் சிறந்த ஆண்களுக்கு நடுவே இரண்டாமிடம் பெற்ற அந்தப் பெண், தன் நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஒருமுறைகூட வாக்களிக்காமலே போய்விட்டார்.

வாக்குரிமை என்றதும் இன்னொன்று. மேட்ஜ் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஏழே மாதத்தில், 1909 மே மாதம், அதே பிரின்சஸ் அரங்கில் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் பெரிய கண்காட்சி நடந்தது. எமலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையிலான பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம் நடத்தியது அது. அவருடைய மகள் சில்வியா சுவரோவியங்கள் வரைந்தார். சிறையில் போராட்டப் பெண்கள் எப்படி அடைக்கப்பட்டார்கள் என்று காட்ட ஒரு மாதிரிச் சிறையறையும் அங்கே வைக்கப்பட்டது. மேட்ஜ் எட்டு வரைந்த அந்தத் தரையின் மேலேதான் அந்தச் சிறையறை நின்றது. விளையாட்டு வரலாறு தனி, பெண்ணிய வரலாறு தனி என்று நாம் அலமாரிகளில் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம். கட்டடங்களுக்கு அந்தப் பிரிவினை தெரிவதில்லை.

நம் ஊரிலும் பனிக்கட்டிக்கும் பெண்களுக்கும் இப்படி ஒரு கட்டடம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டது ஐஸ் ஹவுஸ். வெள்ளைக்கார வீடுகளின் பானங்களுக்காக வந்த ஐஸ். செயற்கை ஐஸ் வந்த பிறகு அந்த வியாபாரம் படுத்தது. பின்னாளில் அந்தக் கட்டடத்துக்குள் குடிவந்தவர்கள் சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவைகள். சுப்புலட்சுமி 1886இல் பிறந்தவர். மேட்ஜைவிட ஐந்து வயது இளையவர். குழந்தையாக மணம் முடிக்கப்பட்டு, குழந்தையாகவே விதவையாக்கப்பட்டவர். 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரி ஆனார். தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்துப் படிக்கவைத்தார். அவர் தொடங்கிய இல்லம் பிராமண விதவைகளுக்கானது. அந்தக் காலத்தின் எல்லைக்கோடு அதிலும் உண்டு. ஆனாலும் கடற்கரைக் காற்றில் அந்தப் பெண்கள் புத்தகமும் கையுமாக நடந்தபோது, விதவை தெருவில் வரக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத, எல்லோருக்கும் தெரிந்த அந்த விதி உடைந்துகொண்டிருந்தது.

எழுதாத விதிதான் பெண்களைக் கட்டுவதில் கெட்டி. எழுதிய விதியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். எழுதாததை எங்கே போய்க் கேட்பது? மேட்ஜின் சாமர்த்தியம், எழுதாததை எழுதாததாகவே எடுத்துக்கொண்டது. எழுதவில்லையென்றால் தடை இல்லை என்று நடந்துகொண்டார். அதனால் அவர்கள் எழுதவேண்டி வந்தது. எழுதியபோது அந்தக் காரணங்களின் அற்பம் வெளியே தெரிந்தது. தடையை எழுதவைத்ததே ஒரு வெற்றி என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு விதிகள் எழுதப்பட்டபடியே இருந்தன. 1903இல் பாவாடை நீளம் என்றார்கள். 1988இல் கிழக்கு ஜெர்மனியின் காத்தரினா விட் அணிந்த உடை போதுமான அளவு மறைக்கவில்லை என்று பேச்சு எழுந்தபின், பெண்கள் இடுப்பையும் பின்புறத்தையும் மறைக்கும் பாவாடை அணிய வேண்டும் என்று விதி வந்தது. 2004இல்தான் கால்சட்டை அணிந்தும் பெண்கள் போட்டியிடலாம் என்றாயிற்று. நூறு ஆண்டுகளில் நீளம் அதிகம், நீளம் குறைவு என்று இரண்டு குற்றச்சாட்டுகளும் வந்துவிட்டன. தடத்தைப் பார்க்க வேண்டியவர்கள் எப்போதும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துணியோடு நின்றாலும் பரவாயில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. மேட்ஜிடம் பாவாடையைத்தான் குறை சொன்னார்கள். சாந்தியிடம் உடலையே குறை சொன்னார்கள். ஒருவர் சீமாட்டிகளின் கிளப்பிலிருந்து வந்தவர். மற்றவர் சூளையிலிருந்து வந்தவர். கீழிருந்து வருகிறவளிடம் கேள்வி எவ்வளவு ஆழமாக இறங்குகிறது பாருங்கள்.

தனிப்பிரிவு பற்றி எனக்கு முடிவான கருத்து இல்லை. தனிப்பிரிவு வந்ததால்தான் லிலி கிரோன்பெர்கர் போன்றவர்கள் மேடைக்கு வந்தார்கள். மேட்ஜுக்குப் பிறகு 1908 முதல் 1911 வரை நான்கு முறை அவர் வென்றார். 1902இல் நான்கு பேரில் ஒரே ஒரு பெண். அடுத்தடுத்து வந்த பெண்களுக்கு அந்தத் தனிக் கதவு தேவைப்பட்டது. நாட்டுக்கே அது பொருந்தும். உள்ளாட்சியில் பெண்களுக்கு ஒதுக்கீடு இல்லாதிருந்தால் எங்கள் ஊராட்சிகளில் எத்தனை பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்? அதேசமயம், தனிப்பிரிவு வந்த பிறகு மேட்ஜும் சால்கோவும் உலகப் போட்டியில் ஒரே பனியில் மறுபடி மோதவே இல்லை. அந்த இரண்டாமிடம் முதலிடம் ஆகியிருக்குமா என்று பார்க்கும் வாய்ப்பையே அது மூடிவிட்டது.

கவிதை எழுதுகிறவளாக இந்தக் குழப்பம் எனக்குப் பழக்கமானது. இருபது ஆண்டுகளாக எழுதுகிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை "பெண் கவிஞர்கள் அமர்வு", "பெண் கவிஞர்கள் தொகுப்பு", மார்ச் எட்டாம் தேதி. பக்கத்து அரங்கில் "தமிழ்க் கவிதை இன்று" என்று அமர்வு நடக்கும். அங்கே ஐந்து ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் ஆண் கவிஞர்கள் என்று அழைப்பதில்லை. தமிழ் படித்தவளாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டுத்தொகையில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பாடல்கள் இருக்கின்றன. ஔவையாரும் வெள்ளிவீதியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் அங்கே தனிப் பகுதியில் உட்காரவைக்கப்படவில்லை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் ஆண் புலவர்களின் பாடல்களுக்கு நடுவேதான் அவர்கள் பாடல்களும் நிற்கின்றன. தொகுத்தவர்கள் அடியின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள், அகமா புறமா என்று பார்த்தார்கள். பாடியது ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிக்கவில்லை. பெண்பாற் புலவர்கள் என்ற பட்டியலைப் போட்டது பிற்காலத்து ஆய்வாளர்கள், என்னையும் சேர்த்துத்தான். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அவர்களைக் கண்டுகொண்டிருக்கவும் மாட்டோம்.

இனி, சொல்வதாகச் சொன்ன நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் விளையாட்டு விழா. ஆசிரியர்களுக்கான போட்டிகளை முடிவுசெய்யும் குழுவில் நானும் இருந்தேன். ஆண் ஆசிரியர்களுக்கு 100 மீட்டர் ஓட்டம், குண்டு எறிதல், கைப்பந்து. பெண் ஆசிரியர்களுக்கு மியூசிக்கல் சேர், கரண்டியில் எலுமிச்சம்பழம், கோலம். சுற்றறிக்கையில் 100 மீட்டருக்கு எதிரே "ஆசிரியர்கள்" என்று மட்டும் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு ஆசிரியை அதில் பெயர் கொடுத்தார். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஓடியவராம்.

குழுவில் சிரிப்பு எழுந்தது. மூத்த பேராசிரியர் ஒருவர் அன்பாகவே கேட்டார்: "சேலையக் கட்டிக்கிட்டு எப்படி ஓடுவீங்க மேடம்? விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா?"

"அன்னைக்கு மட்டும் டிராக் சூட் போட்டுக்கிடுதேன் சார்" என்றார் அவர்.

"பிள்ளைங்க பாப்பாங்கல்லா" என்றார் இன்னொருவர்.

சேலைதான் கட்ட வேண்டும் என்பது கல்லூரி போட்ட விதி. சேலையோடு ஓட முடியாது என்பது அதே கல்லூரி சொன்ன காரணம். 1903இன் முதல் காரணம் அப்படியே என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு மேட்ஜ் சையர்ஸைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது எனக்குத் தெரியும். திறந்திருக்க மாட்டேன். பதவி உயர்வுக்குக் காத்திருந்த நேரம். சுற்றறிக்கையைத் திருத்தி, "ஆண் ஆசிரியர்கள்" என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். குழு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். அந்த ஆசிரியை என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. விழா அன்று அவர் எலுமிச்சம்பழக் கரண்டியோடு நடந்து முதல் பரிசு வாங்கினார். ஒரு எவர்சில்வர் டப்பா.

எழுதாத விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மேட்ஜின் கதையை முதன்முறை படித்தபோது, அவரோடு என்னை நிறுத்திப் பார்த்துப் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. 1903இல் கூடியவர்களின் மேசையில்தான் எனக்கு இடம் இருந்தது. பெண்ணுக்கு எதிரான விதிகளை ஆண்கள் மட்டும் எழுதுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து கொடுத்து, சாட்சிக் கையெழுத்தும் போடும் பெண்கள் இருக்கிறோம்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தச் சுற்றறிக்கை வந்தாலும், "இது பெண்களுக்கு இல்ல மேடம்" என்று யார் சொன்னாலும், "எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்கிறேன். பெரும்பாலும் எங்கேயும் எழுதியிருப்பதில்லை. அப்போது பெயரைக் கொடுக்கச் சொல்லி மாணவிகளை அனுப்புகிறேன். எழுதியிருந்தால், எழுதிய காரணத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். வாசிக்கிறவருக்கே பாதியில் குரல் தணிந்துவிடுகிறது.

பெண் கவிஞர்கள் தொகுப்புக்குக் கேட்டால் இப்போதும் கவிதை அனுப்புகிறேன். அனுப்பும் கடிதத்திலேயே, உங்கள் பொதுத் தொகுப்பு எப்போது வருகிறது, அதற்கும் இரண்டு கவிதைகள் இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று எழுதிவிடுகிறேன். கேட்காமலே அனுப்புவது மரியாதையில்லை என்று ஒரு பதிப்பாசிரியர் சொன்னார். 1902இல் மேட்ஜையும் யாரும் கேட்கவில்லை.